முகத்தில் பொடுகு: எந்தப் பூஞ்சை க்ரீம், எத்தனை நாள், நிறுத்தினால் என்ன ஆகும்?

மூக்கோரத்தைத் தொட்டுக் காட்டி "இதுக்கு ஒரு நல்ல க்ரீம் குடுங்க" என்று கேட்பவர்கள் எங்கள் மருந்துக்கடைக்கு வாரம் தவறாமல் வருகிறார்கள். மருத்துவத்தில் இதன் பெயர் செபொரிக் டெர்மடைடிஸ். சந்தேகங்கள் பெரும்பாலும் ஒரே மாதிரி இருப்பதால், அவர்கள் கேட்ட விதத்திலேயே தொகுத்திருக்கிறேன். நான் மருந்தாளுநர். என்ன நோய் என்று பார்த்துச் சொல்வது தோல் மருத்துவரின் வேலை. மருந்துகளுக்குள் என்ன வித்தியாசம், எப்படிப் போடுவது என்பதை நான் சொல்ல முடியும்.

மூக்கு ஓரத்துல தோல் உரியுது, ஆனா முகம் எண்ணெயா வழியுது. இது வறட்சியா, எண்ணெய்ப்பசையா?

உரிவதைப் பார்த்து வறட்சி என்று நினைத்து எண்ணெய் தடவுகிறவர்கள்தான் அதிகம். மூக்கின் இரு பக்க மடிப்பு, புருவம், இரண்டு புருவத்துக்கும் நடுவில், காதுக்குப் பின்னால், தாடி, முன்நெற்றியில் முடி தொடங்கும் இடம்: இங்கெல்லாம் எண்ணெய்ச் சுரப்பிகள் நெருக்கமாக இருக்கின்றன. இந்தத் தொந்தரவு வருவதும் இங்கேதான். செதில் சற்று மஞ்சளாக, பிசுபிசுப்பாக இருக்கும். தலைப்பொடுகு இதே கோளாறின் லேசான வடிவம்.

மலசீசியா என்ற ஈஸ்ட் வகைப் பூஞ்சை எல்லோருடைய தோலிலும் இருக்கிறது. அதற்குத் தேவையான கொழுப்பு அமிலத்தை அதனால் தானே தயாரித்துக்கொள்ள முடியாது. அதனால் நம் தோல் சுரக்கும் எண்ணெயை நொதியால் உடைத்துத் தின்கிறது. உடைத்ததில் மிஞ்சும் ஓலெயிக் அமிலம் போன்றவை சிலருடைய தோலை உறுத்தி, அழற்சியும் செதிலும் வரச் செய்கின்றன. எல்லோரிடமும் இருக்கும் பூஞ்சை சிலரை மட்டும் ஏன் படுத்துகிறது என்றால், அவர்களுடைய தோல் அதற்குக் காட்டும் எதிர்வினைதான் காரணம்.

எனக்குச் சிவப்பா இல்லையே, வெள்ளையாத்தானே திட்டு விழுது? வெண்குஷ்டமோன்னு பயமா இருக்கு.

இந்தப் பயத்தோடு வருகிறவர்கள் நிறைய. மாநிறம், கறுப்புத் தோலில் சிவப்பு சரியாகத் தெரியாது. அழற்சி உள்ள இடம் சுற்றியுள்ள நிறத்தைவிட ஒரு படி வெளுத்துத் தெரியும். ஓரம் மங்கலாக இருக்கும், விரலால் தேய்த்தால் பொடிச்செதில் வரும். வெண்குஷ்டம் எனப்படும் வெண்புள்ளி என்றால் சுண்ணாம்பு வெள்ளையாக, ஓரம் தெளிவாக, செதில் இல்லாமல் இருக்கும். வெளுத்த இடத்தில் தொட்டால் உணர்ச்சி குறைவாகத் தெரிந்தால் மட்டும் கடைக்கு வராமல் நேரே டாக்டரிடம் போங்கள். தொழுநோய் இல்லை என்று அவர் உறுதி செய்ய வேண்டும்.

ஒன்றை இப்போதே சொல்லிவிடுகிறேன். பூஞ்சை க்ரீம் அழற்சியைத்தான் அடக்கும். செதிலும் அரிப்பும் போன பிறகு நிறம் தானாகத் திரும்ப சில வாரங்கள், சிலருக்குச் சில மாதங்கள்கூட ஆகும். "திட்டு போகலையே" என்று க்ரீமை மாற்றிக்கொண்டே இருப்பதால் பலன் இல்லை.

இது ஒட்டுமா? வீட்டுல எல்லாருக்கும் ஒரே துண்டு.

ஒட்டாது. முதல் பதிலில் சொன்னபடி இந்தப் பூஞ்சை ஏற்கனவே எல்லோரிடமும் இருக்கிறது. படர்தாமரைதான் துண்டு வழியாகப் பரவும்.

பூஞ்சைதானே? அப்ப படர்தாமரைக்கு வாங்கின க்ரீமே வீட்ல இருக்கு, அதைப் போட்டா என்ன?

டியூபைத் திருப்பி, பொடி எழுத்தில் இருக்கும் மருந்துப் பெயர்களை முதலில் படியுங்கள். டெர்பினஃபின் மட்டும் என்றால், அது படர்தாமரைப் பூஞ்சைக்கான மருந்து. மலசீசியாவுக்கு அதை முதல் மருந்தாக யாரும் தேர்ந்தெடுப்பதில்லை. பெயர் "கோனசோல்", "மசோல்" என்று முடிந்தால் அது அசோல் வகை. பூஞ்சையின் செல் சவ்வுக்குத் தேவையான எர்கோஸ்டெரால் உருவாகாமல் தடுக்கும். இந்த வகை மலசீசியாவுக்கு எதிராக நன்றாகவே வேலை செய்யும்.

ஆனால் ஒரே டியூபில் மூன்று நான்கு பெயர்கள் இருந்தால் அதை முகத்துக்குக் கொண்டு போகாதீர்கள். காரணத்தை ஸ்டீராய்டு கேள்வியில் விரிவாகச் சொல்கிறேன்.

கீட்டோகோனசோல், க்ளோட்ரிமசோல், லுலிகோனசோல், சைக்ளோபிராக்ஸ்... இதுல எதுதாங்க பெஸ்ட்?

ஆய்வு அதிகம் நடந்திருப்பது கீட்டோகோனசோல் 2 சதவீதத்துக்கு. மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 2015-ல் வெளியிட்ட தொகுப்பாய்வு, 51 ஆய்வுகளையும் அவற்றில் பங்கேற்ற 9,052 பேரையும் எடுத்துக்கொண்டது. மருந்தில்லாத வெறும் க்ரீமோடு ஒப்பிட்டால், கீட்டோகோனசோல் போட்டவர்களுக்கு நான்கு வார முடிவில் குணமாகாமல் போகும் வாய்ப்பு 31 சதவீதம் குறைவு. சைக்ளோபிராக்ஸுக்கு 21 சதவீதம் குறைவு. இதைப் பார்த்துவிட்டுக் கீட்டோகோனசோல் ஜெயித்தது என்று முடிவு கட்டக் கூடாது. இரண்டையும் நேருக்கு நேர் வைத்த ஆய்வுகளில் பெரிய வித்தியாசம் தெரியவில்லை.

சைக்ளோபிராக்ஸ் அசோல் வகையில் சேராது. பூஞ்சையின் நொதிகளுக்குத் தேவையான இரும்பு போன்ற உலோக அயனிகளைப் பிடித்து வைத்துக்கொள்வது அதன் வழி. அழற்சியைக் குறைக்கும் குணமும் அதற்குக் கொஞ்சம் உண்டு. அசோல் க்ரீம் ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு நான் டாக்டரிடம் கேட்கச் சொல்வது இதைத்தான். க்ளோட்ரிமசோல் 1 சதவீதமும் மைகோனசோல் 2 சதவீதமும் பழைய மருந்துகள், எங்கும் கிடைப்பவை. இந்த நோய்க்கு ஆய்வு குறைவு என்றாலும் பயன்படுகின்றன. லுலிகோனசோல், செர்டகோனசோல் புதியவை, விலையும் கூடுதல். படர்தாமரையில் லுலிகோனசோலுக்கு நல்ல பெயர் இருக்கிறது. முகப்பொடுகில் கீட்டோகோனசோலைவிட அது மேல் என்று சொல்லும் அளவுக்குச் சான்று இல்லை.

என் கருத்து கேட்டால்: முதல் முறை என்றால் கீட்டோகோனசோல் 2 சதவீதம். அதில் எரிச்சல் வந்தால் சைக்ளோபிராக்ஸ் அல்லது க்ளோட்ரிமசோல். மருந்தை மாற்றுவதால் கிடைப்பதைவிட, ஒரே மருந்தை ஒழுங்காகப் போடுவதாலும் பிறகு பராமரிப்பதாலும் கிடைக்கும் பலன் பெரியது. எங்கள் கடைக்கு வந்து "எதுவுமே வேலை செய்யலை" என்பவர்களில் பெரும்பாலோர் எதையும் பத்து நாளுக்கு மேல் போட்டதில்லை.

க்ரீம் நல்லதா, ஷாம்பூ நல்லதா? ஷாம்பூவை முகத்துல போடலாமா?

போடலாம். தோல் மருத்துவர்களே அப்படிச் சொல்வதுண்டு. தாடி, அடர்ந்த புருவம், முடி தொடங்கும் ஓரம் ஆகிய இடங்களில் க்ரீம் முடியில் ஒட்டி நின்றுவிடும், தோலுக்குப் போகாது. அங்கே கீட்டோகோனசோல் 2 சதவீத ஷாம்பூதான் சரி. மூக்கு மடிப்புக்கும் கன்னத்துக்கும் க்ரீம் வசதி. ரொம்ப எண்ணெய் வழியும் முகத்துக்கு ஜெல் கிடைத்தால் நல்லது. க்ரீமின் பிசுபிசுப்பு அதில் இருக்காது.

ஷாம்பூவை எப்படிப் போடுவது என்பதில்தான் பலர் தவறுகிறார்கள். ஒரு ரூபாய் நாணயம் அளவு உள்ளங்கையில் ஊற்றி, தண்ணீர் விட்டு, இரண்டு கையாலும் தேய்த்து நுரையாக்குங்கள். முகத்தை நனைத்து, கண்ணை மூடிக்கொண்டு, அந்த நுரையை மட்டும் புருவத்திலும் மூக்கு மடிப்பிலும் தாடிக்குள்ளும் விரல் நுனியால் மெல்ல அழுத்துங்கள். மூன்று முதல் ஐந்து நிமிடம் அப்படியே விட்டு, பிறகு நன்றாகக் கழுவுங்கள். போட்ட கையோடு கழுவினால் மருந்துக்கு வேலை செய்ய நேரமே கிடைக்காது. வாரத்துக்கு இரண்டு முறை, இரண்டு முதல் நான்கு வாரம். அன்றாடம் போட்டால் முகம் காய்ந்து, அந்த உரிதலையும் நோய் என்று நினைத்துக் குழம்புவீர்கள்.

ஜிங்க் பைரிதியோன், செலினியம் சல்ஃபைடு ஷாம்பூக்களும் மலசீசியாவைக் குறைக்கும். தலைக்குச் சரி. செலினியம் சல்ஃபைடு முகத்தில் உறுத்தும் என்பதால் நான் முகத்துக்குத் தருவதில்லை.

எவ்வளவு எடுக்கணும், எத்தனை நாளைக்கு?

ஆள்காட்டி விரலின் கடைசி மடிப்பிலிருந்து நுனி வரை ஒரு கோடாகப் பிதுக்கினால் சுமார் அரை கிராம் வரும். முகம் கழுத்து முழுக்கப் பூச அந்த மாதிரி இரண்டரை கோடு வேண்டும். உங்களுக்கு மூக்கோரமும் புருவமும் மட்டும் என்றால் அரைக் கோடே தாராளம். முகத்தைக் கழுவி, ஒற்றித் துடைத்து, ஈரம் காய்ந்த பிறகு மெல்லிசாகத் தடவுங்கள். வெள்ளையாகத் தெரிந்தால் அதிகம் எடுத்துவிட்டீர்கள் என்று பொருள்.

காலை ஒரு முறை, இரவு ஒரு முறை, நான்கு வாரம். அரிப்பும் செதிலும் முதல் இரண்டு வாரத்தில் குறையத் தொடங்கும். குறைந்ததும் நிறுத்துவதுதான் எல்லோரும் செய்வது. நான்கு வாரத்தை முடியுங்கள்.

அண்ணே, போன தடவை வேற கடையில ஒரு க்ரீம் குடுத்தாங்க, ரெண்டே நாள்ல பளிச்சுன்னு ஆயிடுச்சு. அதையே குடுங்களேன்?

அந்த டியூபைக் கொண்டுவரச் சொல்வேன். பெரும்பாலும் அதில் பூஞ்சை மருந்தோடு க்ளோபெட்டாசால், பெக்லோமெத்தசோன், பீட்டாமெத்தசோன் இவற்றில் ஒன்று இருக்கும். கூடவே நியோமைசின், ஜென்டாமைசின், ஒஃப்ளாக்சசின் போன்ற ஆன்டிபயாட்டிக். இரண்டு நாளில் பளிச்சென்று ஆனதற்குக் காரணம் அந்த ஸ்டீராய்டு. அழற்சியை அது சட்டென்று அமுக்கிவிடும். க்ளோபெட்டாசால் ஸ்டீராய்டுகளிலேயே மிக வீரியமானது. முகத் தோல் மெல்லியது, உள்ளே இழுத்துக்கொள்வதும் அதிகம்.

மாதக்கணக்கில் போட்டவர்களின் முகத்தைப் பார்த்தால் மனசு தாங்காது. தோல் மெலிந்து, இரத்த நாளங்கள் நூல் நூலாகத் தெரியும். வெயிலில் போனால் எரியும், பருக்கள் கிளம்பும், பெண்களுக்குக் கூட மீசை தாடி இடத்தில் முடி வளரும். நிறுத்தினால் முன்பைவிட மோசமாகச் சிவந்து பொங்கும். அதனால் மறுபடியும் அதே டியூபைத் தேடி வருவார்கள். இந்திய தோல் மருத்துவர்கள் இதற்கெதிராகப் பல ஆண்டுகள் குரல் கொடுத்தார்கள். 2018-ல் மத்திய சுகாதார அமைச்சகம் பல ஸ்டீராய்டு பூச்சு மருந்துகளை எச் அட்டவணைக்குள் கொண்டுவந்தது. அதாவது டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது. அப்படியும் "அந்த க்ரீம்" என்று கேட்டால் எடுத்துக் கொடுக்கிற கடைகள் இருக்கின்றன. தயவுசெய்து வாங்காதீர்கள்.

ஏற்கனவே மாதக்கணக்கில் போட்டுக்கொண்டிருந்தால், இதைப் படித்துவிட்டு இன்றே தூக்கி எறியவும் வேண்டாம். எப்படிக் குறைத்து நிறுத்துவது என்று தோல் மருத்துவரிடம் கேளுங்கள்.

ஆனா தோல் டாக்டரே ஸ்டீராய்டு எழுதியிருக்காரே? அப்ப அவரும் தப்பா?

தப்பில்லை. சீட்டில் ஹைட்ரோகார்ட்டிசோன் 1 சதவீதம் அல்லது டெசோனைடு இருக்கும், "5 நாள்" என்றோ "7 நாள்" என்றோ எழுதியிருப்பார், கூடவே பூஞ்சை க்ரீம் நான்கு வாரத்துக்கு இருக்கும். இவை வீரியம் குறைந்தவை. அழற்சி அதிகமாக இருக்கும்போது சில நாள் அடக்கிவிட்டுப் பூஞ்சை மருந்தை வேலை செய்ய விடுவது நல்ல முறை. மேலே சொன்ன தொகுப்பாய்விலும், கீட்டோகோனசோலும் ஸ்டீராய்டும் குணப்படுத்துவதில் ஏறக்குறைய சமம், பக்கவிளைவு கீட்டோகோனசோலில் 44 சதவீதம் குறைவு என்றுதான் வந்தது. ஆக, எழுதிய நாள் முடிந்ததும் ஸ்டீராய்டை நிறுத்துங்கள், பூஞ்சை க்ரீமைத் தொடருங்கள். பலர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள்.

அடிக்கடி அழற்சி வருபவர்களுக்கு டாக்ரோலிமஸ் ஆயின்மென்ட் அல்லது பிமெக்ரோலிமஸ் க்ரீம் எழுதுவார்கள். இவை ஸ்டீராய்டு இல்லை, தோலை மெலிய வைக்காது. முதல் சில நாள் எரியும். அதைச் சொல்லாமல் கொடுத்தால் மறுநாளே திருப்பிக்கொண்டு வருவார்கள்.

நிறுத்தினா ஒரு மாசத்துல திரும்ப வருது. மருந்து பழகிப்போச்சா?

பழகிப்போகவில்லை. பூஞ்சையை நாம் குறைக்கிறோம், ஒழிப்பதில்லை. முகம் எண்ணெய் சுரந்துகொண்டே இருக்கும்வரை அது மறுபடி பெருகும். இரத்த அழுத்தம் போல, அடக்கி வைத்திருக்கும் வகையைச் சேர்ந்தது இது.

அதனால் நான்கு வாரம் முடிந்ததும் பராமரிப்புக்கு மாறுங்கள். அதே க்ரீமை வாரத்துக்கு ஒன்றிரண்டு முறை, அல்லது ஷாம்பூ நுரையை ஒன்று இரண்டு வாரத்துக்கு ஒரு முறை. இதைச் செய்பவர்களுக்குத் திரும்ப வந்தாலும் லேசாக வரும். தூக்கமின்மை, பரீட்சை, வீட்டுக் கவலை என்று மனசு அழுத்தத்தில் இருக்கும் நாட்களில் கிளம்பும். அந்தச் சமயத்தில் சில நாள் மறுபடி இரண்டு வேளை போடலாம். முகத்துக்கு மட்டும் போட்டுவிட்டுத் தலையை விட்டுவிட்டாலும் இதே கதைதான். தலையில் பொடுகு இருந்தால் இரண்டையும் சேர்த்தே கவனியுங்கள்.

கீட்டோகோனசோல் ஈரலைக் கெடுக்கும்னு படிச்சேன். முகத்துல போட்டா பரவாயில்லையா?

நீங்கள் படித்தது மாத்திரையைப் பற்றி. 2013-ல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு கீட்டோகோனசோல் மாத்திரையின் பயன்பாட்டைக் கடுமையாகச் சுருக்கியது. ஐரோப்பிய அமைப்பும் அதே ஆண்டு அதை நிறுத்தச் சொன்னது. காரணம் ஈரல் பாதிப்பு. தோலில் பூசும் க்ரீமிலிருந்தும் ஷாம்பூவிலிருந்தும் இரத்தத்துக்குப் போவது மிக மிகக் குறைவு. பயப்படாமல் போடலாம்.

க்ரீம் போட்டதும் எரியுது. அலர்ஜியா?

முதல் ஓரிரு நாள் லேசான எரிச்சல் சகஜம், புண்ணான தோலில் எந்த க்ரீமும் அப்படித்தான். நாள் போகப் போகக் கூடினால், வீங்கினால், மருந்து போடாத இடத்துக்கும் பரவினால் நிறுத்துங்கள். பல நேரம் குற்றவாளி பூஞ்சை மருந்தாக இருக்காது. க்ரீமில் கலந்திருக்கும் புரோப்பிலீன் கிளைக்கால், வாசனைப் பொருள், பதப்படுத்தி போன்றவைதான். அதே மருந்தை வேறு கம்பெனியின் க்ரீமிலோ ஷாம்பூவிலோ போட்டால் ஒன்றும் செய்யாமல் போவதைப் பார்த்திருக்கிறேன். அடுத்த முறை புது டியூப் வாங்கினால், முழங்கையின் உள்மடிப்பில் இரண்டு மூன்று நாள் தடவிப் பார்த்துவிட்டு முகத்துக்குப் போங்கள்.

தேங்காய் எண்ணெய், கற்றாழை, எலுமிச்சைச் சாறு, தேன்... இதெல்லாம் சரிவராதா?

எலுமிச்சை வேண்டவே வேண்டாம். அழற்சி உள்ள தோலில் எரிச்சல் தரும், அதோடு வெயிலில் போனால் கருத்துக் கொப்பளிக்கும். கற்றாழை கொஞ்சம் குளிர்ச்சி தரும், பூஞ்சைக்கு அதை நம்ப முடியாது. தேனை நீர்த்துப் போட்டு 30 பேரிடம் நடந்த ஒரு சிறிய ஆய்வு 2001-ல் வந்தது, அரிப்பும் செதிலும் குறைந்தன. அவ்வளவு சின்ன ஆய்வை வைத்து மருந்துக்குப் பதில் தேன் என்று நான் சொல்ல மாட்டேன்.

எண்ணெய் விஷயத்தில் பாட்டிமார் கோபித்துக்கொள்வார்கள், இருந்தாலும் சொல்லியாக வேண்டும். தேங்காய் எண்ணெய், நல்லெண்ணெய், ஆலிவ் எண்ணெய் எல்லாவற்றிலும் மலசீசியா தின்னக்கூடிய கொழுப்பு அமிலங்கள் இருக்கின்றன. சனிக்கிழமை எண்ணெய்க் குளியலை விட மனமில்லை என்றால், எண்ணெய் நெற்றிக்கும் புருவத்துக்கும் வழியாமல் பார்த்துக்கொண்டு, அன்றே ஷாம்பூ போட்டு அலசிவிடுங்கள். இரவு முழுக்க ஊற வைக்காதீர்கள். முகம் இழுக்கிற மாதிரி இருந்தால் எண்ணெய்க்குப் பதில் வாசனையில்லாத, எண்ணெய்ப்பசை குறைந்த மாய்ஸ்சரைசர் போடலாம். செதில் ரொம்பத் தடித்திருந்தால் லிக்விட் பாராஃபின் தடவி ஊறவைத்துக் கழுவலாம், அதை இந்தப் பூஞ்சையால் தின்ன முடியாது.

நாலு வாரம் ஒழுங்காத்தான் போட்டேன். ஒண்ணும் குறையலை.

அப்படியானால் மருந்தை மாற்றும் முன் நோய் இதுதானா என்று பார்க்க வேண்டும். வட்டமாக, ஓரம் மட்டும் மேடாகி, வெளிப்பக்கம் பரவிக்கொண்டே போனால் முகத்தில் வந்த படர்தாமரையாக இருக்கலாம். ஸ்டீராய்டு போட்டிருந்தால் அந்த வட்டம்கூட அழிந்து அடையாளம் தெரியாமல் போயிருக்கும். டாக்டர் செதிலைச் சுரண்டி மைக்ரோஸ்கோப்பில் பார்த்துவிடுவார். செதில் தடிப்பாக வெள்ளி நிறத்தில் இருந்து, முழங்கை முழங்காலிலும் இருந்தால் சோரியாசிஸ். புது ஃபேஸ்வாஷ், ஹேர் டை, குங்குமம் மாற்றிய பிறகு வந்தது என்றால் ஒவ்வாமை.

கன்னமும் மூக்கும் சிவந்து, மூக்கோர மடிப்பு மட்டும் தப்பியிருந்தால் தள்ளிப்போடாதீர்கள். செபொரிக் டெர்மடைடிஸ் அந்த மடிப்பில்தான் உட்காரும், லூபஸ் என்ற நோயின் தடிப்பு பெரும்பாலும் அந்த மடிப்பை விட்டுவிடும். மூட்டுவலி, காய்ச்சல் கூட இருந்தால் உடனே போங்கள். இன்னொன்று: இதுவரை இல்லாதவருக்குத் திடீரென்று மிகக் கடுமையாக வந்து எதற்கும் அடங்கவில்லை என்றால் டாக்டர் எச்.ஐ.வி. பரிசோதனை கேட்கலாம். கூச்சப்படாமல் செய்துகொள்ளுங்கள். பார்க்கின்சன் நோய் உள்ள பெரியவர்களுக்கும் இது அதிகமாக வரும்.

கண் இமையிலயும் செதில் இருக்கு. அங்கயும் இதே க்ரீமா?

வேண்டாம், கண்ணுக்குள் போய்விடும். வெதுவெதுப்பான நீரில் நனைத்த சுத்தமான துணியால் ஒத்தடம் கொடுத்து, நீர்த்த பேபி ஷாம்பூவால் இமை ஓரத்தை மெல்லத் துடைக்கலாம். கண் சிவந்தாலோ உறுத்தினாலோ கண் டாக்டர்.

நான் மாசமா இருக்கேன்க்கா. க்ரீமை நிறுத்திடணுமா?

எங்கள் கடையில் என்னுடன் இருக்கும் பெண் மருந்தாளுநரிடம் அதிகம் வரும் கேள்வி இது. மூக்கோரத்துக்கு மட்டும் கொஞ்சமாகப் போடும் க்ளோட்ரிமசோல், கீட்டோகோனசோல் க்ரீம்களை மருத்துவர்கள் கர்ப்ப காலத்திலும் எழுதுகிறார்கள். செலினியம் சல்ஃபைடு ஷாம்பூவைத் தவிர்க்கச் சொல்வார்கள். எதுவானாலும் டியூபைக் கையில் எடுத்துக்கொண்டு போய் அடுத்த செக்கப்பில் காட்டிக் கேளுங்கள். பால் கொடுக்கும்போது மார்பிலும் தடிப்பு இருந்து அங்கே க்ரீம் போடுவதாக இருந்தால் அதையும் சேர்த்துச் சொல்லுங்கள், குழந்தையின் வாயில் படாமல் எப்படிப் போடுவது என்று சொல்லித் தருவார்கள்.